அணுவைப் பாடமாக்காம படிக்கிறது எப்படி: புதுசாத் தொடங்குறவங்களுக்கு

முதல்ல தேவையான சாமான்களச் சொல்லிர்றன். கொப்பி ஒண்டு, வீட்டுல இருக்கிற பெரிய தாம்பாளம் ஒண்டு, பேபி பவுடர், கடையில விக்கிற சின்னப் போத்தல் ஒலிவ் ஒயில், ஊசி, கறியுப்பு, தூக்கிப் போட மறந்த பழைய சீடி ஒண்டு. புத்தகம் பொறகு பாப்பம்.

இத எழுத வந்த காரணம் என்னண்டா, மட்டக்களப்புக் கல்லடியில பின்னேரம் நான் படிப்பிக்கிற பத்தாம் ஆண்டுப் புள்ளையள்ள ஒருத்தி கொப்பியத் தூக்கிக்கொண்டு வந்து, "சேர், இந்தப் பக்கத்துல தாற்றன் அணுவப் பிரிக்க ஏலாது எண்டு சொன்னாரு எண்டு கிடக்கு, அடுத்த பக்கத்துல அணுவுக்குள்ள இலத்திரன் புரோத்தன் இரிக்கு எண்டு கிடக்கு, ரெண்டையும் பாடமாக்கச் சொன்னீங்க, சோதினையில எத எழுதுற?" எண்டு கேட்டுட்டா. நான் "கேள்வியப் பாத்து எழுது மகள்" எண்டு சமாளிச்சிட்டன். பாலத்தால சைக்கிள்ள வரக்குள்ளதான் உறைச்சது, அந்தப் புள்ள கேட்டதுதான் சரியான கேள்வி, நான் சொன்னது டியூஷன் வாத்தி சொல்லுற பதில். நானும் அப்பிடித்தான் படிச்சனான், பேரும் வருஷமும் வரிசையாப் பாடமாக்கி, தொம்சன் 1897, இரதபோட் 1911, போர் 1913 எண்டு பஸ் டைம்டேபிள் மாதிரி.

சரி, முதல் வேலை. கொப்பியில ரெண்டு கோடு கீறி மூண்டு நிரலாப் பிரிங்க. முதல் நிரலுக்கு "கண்ணால கண்டது", ரெண்டாவதுக்கு "மனசுல நினைச்சது", மூண்டாவதுக்கு "எங்க உடைஞ்சது" எண்டு தலைப்புப் போடுங்க. இனி எந்த விஞ்ஞானிட பேர் வந்தாலும் இந்த மூண்டையும் நிரப்பாம அடுத்த ஆளுக்குப் போகாதீங்க. இந்த ஒரு பழக்கம் வந்தா மிச்சம் தன்னால வரும்.

பழைய காலத்த ஒரு பின்னேரத்துல முடிச்சிடலாம். கிரேக்கத்துல இயேசு பிறக்க 400 வருஷத்துக்கு முந்தி டெமோகிரிட்டஸ், பொருள வெட்டிக்கொண்டு போனா ஒரு கட்டத்துல வெட்ட ஏலாத துண்டு வரும், அதுக்கு அங்கால வெறும் வெற்றிடந்தான் எண்டு சொன்னாரு. இந்தியாவில வைசேடிகம் எண்ட தத்துவத்தப் பின்பற்றினவங்க பரமாணு எண்டாங்க, ரெண்டு சேந்தா ஒரு கூட்டு, அப்பிடி மூண்டு கூட்டுச் சேந்தாத்தான் கூரை ஓட்டையால வாற வெயில்ல பறக்கிற தூசு அளவுக்கு வரும் எண்டு கணக்கும் வச்சிருந்தாங்க. தமிழ்ல தேடுறவங்க மணிமேகலையப் பாருங்க, அதுல ஆசீவகம் எண்ட பழைய சமயத்துக்காரர் ஒருத்தர் நிலம் நீர் தீ காத்து எண்டு நாலு வகை அணு இரிக்கு, நீர் அணு நில அணுவா மாறாது, ஒண்டு ரெண்டாப் பிளக்காது எண்டு சொல்லுவாரு. எனக்கு அந்த இடம் வாசிக்கக்குள்ள புல்லரிக்கும், உண்மையத்தான் சொல்லுறன். ஆனா இப்ப உங்கட கொப்பியப் பாருங்க, ரெண்டாம் நிரல் நிரம்பி வழியுது, முதல் நிரல்ல ஒண்டுமில்ல. யோசிச்சாங்க, வாதாடினாங்க, அளந்து பாக்கல்ல. அதாலதான் அரிஸ்டோட்டில் வந்து அப்பிடியொண்டும் இல்ல, நிலம் நீர் நெருப்பு காத்து நாலுந்தான் எண்டு சொன்ன உடன ஐரோப்பாவில பெரும்பாலான ஆக்கள் ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்ட அவர்ட பக்கம் நிண்டாங்க, மறுத்துக் காட்ட ஆரும் தராசக் கையில எடுக்கல்ல. (நம்மட ஆக்கள் அப்பவே அணுகுண்டு செஞ்சிட்டாங்க எண்டு வாட்ஸ்அப்புல வாறத தயவு செஞ்சு கொப்பியில எழுதாதீங்க.)

ரெண்டாவது வேலை, தாம்பாளம். இதத் தவற விடாதீங்க, ஏனெண்டா அணு எவ்வளவு சின்னன் எண்டு புத்தகத்துல வாசிச்சா ஒண்டும் மனசுல நிக்காது, தானா அளந்தா நிக்கும். தாம்பாளத்த வடிவாக் கழுவி, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணி விட்டு, ஃபேன நிப்பாட்டி, தண்ணி ஆடாம நிக்கும் வரைக்கும் பொறுங்க. மேல பேபி பவுடர மெல்லிசாத் தூவுங்க, மெல்லிசு எண்டா மெல்லிசு, வெள்ளையா மூடப்படாது. ஊசி நுனியில ஒலிவ் ஒயில் எடுத்து, ஒரு ரூளருக்குப் பக்கத்துல வச்சு, அதுல நிக்கிற சொட்டு அரை மில்லிமீற்றர் அளவா இரிக்கா எண்டு பாருங்க, பூதக்கண்ணாடி இருந்தா நல்லம். இப்ப தண்ணிட நடுவுல தொடுங்க. பவுடர் சட்டெண்டு விலகி ஒரு வட்டம் திறக்கும். அந்த வட்டத்த ரூளரால அளங்க.

எனக்கு 20 சென்ரிமீற்றர் கிட்ட வந்தது. இனிக் கணக்கு. அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள சொட்டுட கனவளவு 0.065 கன மில்லிமீற்றர். வட்டத்துட பரப்பு 31,400 சதுர மில்லிமீற்றர். பிரிச்சா எண்ணைப் படலத்துட தடிப்பு வரும், அது ஒரு மில்லிமீற்றர்ல கிட்டத்தட்ட 5 லட்சத்துல ஒரு பங்கு. ஒலிவ் ஒயில்ல கூடுதலா இரிக்கிறது 18 காபன் கொண்ட சங்கிலி, அது தண்ணியில தலைய வச்சு நிமிந்து நிக்கிது எண்டு எடுத்து தடிப்ப 18ஆல பிரிங்க. வாற விடை ஒரு சென்ரிமீற்றர எட்டு ஒன்பது கோடியாப் பிரிச்சதுல ஒண்டு. அணுட அளவு எண்டு புத்தகத்துல போடுறது ஒரு சென்ரிமீற்றர்ல 10 கோடியில ஒரு பங்கு. தாம்பாளமும் பேபி பவுடரும் வச்சு அவ்வளவு கிட்டப் போயிரிக்கம்! சொட்டு அளக்கிறதுல பிழை விட்டா ரெண்டு மடங்கு மூண்டு மடங்கு முன்னப்பின்ன வரும், அதுக்குக் கவலப்படாதீங்க.

இத அந்தக் காலத்துலயே செஞ்ச ஆள் பெஞ்சமின் பிராங்கிளின், லண்டன்ல கிளப்பம் எண்ட இடத்துக் குளத்துல ஒரு தேக்கரண்டி எண்ணைய ஊத்த அது அரை ஏக்கருக்குப் பரவித் தண்ணி கண்ணாடி மாதிரி ஆகிட்டு எண்டு 1774ல எழுதினாரு. ஆனா கனவளவப் பரப்பால பிரிக்கல்ல! நாலாம் ஆண்டுக் கணக்கு, அத அவர் செஞ்சிருந்தா மூலக்கூறுட, அதாவது அணுக்கள் சேந்த கூட்டுட, அளவ அப்பவே கண்டிருப்பாரு. அந்தக் கணக்கப் போட 1890ல ரேலி பிரபு வர வேண்டி இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல அந்த எண்ணிக்கை அந்தக் குளத்துலயே மிதந்துகொண்டு கிடந்திரிக்கு.

மூண்டாவது, தாற்றன். இங்க ஒரு சின்ன விசயம் விளங்கினாக் காணும். 3 கிராம் காபன் 4 கிராம் ஒட்சிசனோட சேந்தா காபனோரொட்சைட்டு, அதே 3 கிராம் 8 கிராம் ஒட்சிசனோட சேந்தா காபனீரொட்சைட்டு. 4, 8. ஐஞ்சோ அஞ்சரையோ இல்ல, சரியா ரெண்டு மடங்கு. இது ஏன் பெரிய விசயமெண்டா, கடைக்குப் போய்த் தேங்காயெண்ணை வாங்கினா எவ்வளவும் வாங்கலாம், முக்கால் போத்தல் தாங்க எண்டு கேக்கலாம், ஆனா தேங்காய் வாங்கினா ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எண்ணித்தான் வாங்க வேணும். கணக்குகள் எப்பவும் முழு எண் மடங்காவே வருது எண்டா அங்க அளந்து ஊத்துற சாமான் இல்ல, எண்ணி எடுக்கிற சாமான் இரிக்கு எண்டுதானே அர்த்தம். மன்செஸ்டர்ல பள்ளிக்கூடப் புள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் மழை வெயில் காத்து எண்டு குறிச்சு வச்சுக்கொண்டிருந்த ஒரு மனிசன் 1803ல இருந்து இந்த யோசனைய வளத்து 1808ல புத்தகமாப் போட்டாரு. நிறக்குருடும் இருந்தது அவருக்கு.

மூண்டாம் நிரல மறக்காதீங்க. தண்ணியில ஐதரசன் ஒண்டு ஒட்சிசன் ஒண்டு எண்டுதான் தாற்றன் நினைச்சாரு. 1811ல அவகாதரோ, ஐதரசன் வாயுவில அணு ரெண்டு ரெண்டாச் சோடி சேந்து இரிக்கு எண்டு எடுத்தாக் கணக்குச் சரி வரும் எண்டு சொன்னாரு, ஆரும் காது குடுக்கல்ல, 1860ல ஜேர்மனியில கால்ஸ்ரூ எண்ட ஊர்ல இரசாயனக்காரர் எல்லாம் கூடக்குள்ள கனிசாரோ அத எடுத்து விளங்கப்படுத்தினப் பொறகுதான் திரும்பிப் பாத்தாங்க. அப்ப அவகாதரோ செத்து நாலு வருஷம். ஒன்பது வருஷத்தால மெண்டலீவ் ஆவர்த்தன அட்டவணைய வச்சாரு, அந்தக் கணக்குச் சரியாகாட்டி அந்த அட்டவணை வந்திருக்காது.

நம்மட புள்ளைக்குப் பதில் இங்கதான் இரிக்கு. "பிரிக்க ஏலாது" எண்டு தாற்றன் சொன்னது தராசும் வாயுப் போத்தலும் வச்சு. இண்டைக்கும் எந்த இரசாயனத் தாக்கத்துலயும் ஒரு மூலகத்துட அணு இன்னொரு மூலகத்துட அணுவா மாறுறதில்ல, விறகு எரிஞ்சாலும் தயிர் உறைஞ்சாலும் அப்பிடித்தான். அவர் நிண்ட இடத்துல அவர் சரி. அங்கால போனப் பொறகுதான் உடையிது.

இடையில ஒண்டு, இத நிறையப் பேர் விட்டுட்டுப் போவாங்க. தாற்றனுக்குப் பொறகு நூறு வருஷமா, அணு எண்டது கணக்குக்கு வசதி, மெய்யா இரிக்கு எண்டு என்ன நிச்சயம் எண்டு கேட்ட பெரிய ஆக்கள் இருந்தாங்க, இரசாயனக்காரர் ஒஸ்வால்ட், பௌதிகக்காரர் மாக் எல்லாம் லேசுப்பட்ட ஆக்கள் இல்ல. நான் புள்ளையளுக்கு இத நம்மட வாவியிட பாடும் மீன வச்சுத்தான் சொல்லுறது. பூரணையில கல்லடிப் பாலத்துக்குக் கீழ தோணியில போய்த் துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியக் காதுல வச்சுச் சத்தத்தக் கேட்ட ஆக்கள் நம்மட ஊர்ல இரிக்காங்க, ஆனா பாடுறது மீனா, ஊரி எண்ட சின்னச் சங்கா எண்டு கண்ணால கண்டு சொன்ன ஆள் இல்ல. அப்ப சத்தம் பொய்யா? அணுவிலயும் அதுதான் பிரச்சினை, சத்தம் கேக்குது, ஆளக் காணல்ல. 1827ல பிரவுண் எண்ட தாவரவியல்காரர் நுணுக்குக்காட்டியில பாக்கக்குள்ள தண்ணியில கிடந்த மகரந்தத் துணிக்கை எல்லாம் நிக்காம நடுங்கிக்கொண்டே இருந்தது, உயிர் இரிக்கோ எண்டு பாத்தா கல்லத் தூளாக்கிப் போட்டாலும் நடுங்குது. 1905ல ஐன்ஸ்டைன், கண்ணுக்குத் தெரியாத தண்ணி மூலக்கூறு நாலு பக்கத்தாலயும் இடிக்கிறதால வாற நடுக்கம் எண்டு கணக்கா எழுதினாரு, பெரின் எண்ட பிரெஞ்சுக்காரர் 1908ல இருந்து நுணுக்குக்காட்டியில இருந்து ஒவ்வொண்டா எண்ணி அந்தக் கணக்குச் சரியெண்டு காட்டினாரு. அவர் பாவிச்ச துணிக்கை என்ன தெரியுமா, நாங்க மீனாணத்துக்குப் போடுற கொறக்காப்புளி இனத்து மரம் ஒண்டுட பிசின். ஒஸ்வால்டும் அதோட ஒத்துக்கொண்டாரு. பள்ளிக்கூட லாப்ல நுணுக்குக்காட்டி கிடைச்சா பால் ஒரு துளிய நல்லாத் தண்ணி கலந்து கண்ணாடியில வச்சுப் பாருங்க, கொழுப்புத் துளியள் நடுங்குறது தெரியும்.

நாலாவது, தொம்சன். கெதியாப் போவம். காத்து எடுத்த கண்ணாடிக் குழாயில மின்ன விட்டா கதோட்டுல, அதாவது மறை முனையில இருந்து ஒரு கதிர் வருது, காந்தத்துக்கும் வளையிது, மின்புலத்துக்கும் வளையிது, மறை ஏற்றம். உள்ள எந்த வாயு விட்டாலும், கதோட்டுக்கு எந்த உலோகம் போட்டாலும் ஒரே மாதிரி வருது, அதுதான் முக்கியம், அப்ப எல்லா அணுவுக்குள்ளயும் இந்தச் சாமான் இரிக்க வேணும், அதுதான் இலத்திரன். ஐதரசன் அணுட திணிவ 1837 பங்காப் பிரிச்சா அதுல ஒரு பங்குதான் இலத்திரன்ட திணிவு எண்டு இப்ப தெரியும். மறை இருந்தா நேரும் இரிக்க வேணுமே எண்டு 1904ல அவர் ஒரு மாதிரியுரு சொன்னாரு, புத்தகத்துல பிளம் புடிங் எண்டு கிடக்கும், நம்மள்ள எத்தின பேர் பிளம் புடிங் திண்டிரிக்கம்? வட்டிலப்பம் எண்டு எழுதுங்க, வட்டிலப்பம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது நேர் ஏற்றம், உள்ள பதிஞ்சு கிடக்கிற கஜு இலத்திரன்.

ஐஞ்சாவதுல ஆறுதலா இருங்க, இரதபோட். நியூசிலாந்துக்காரர், பௌதிகக்காரர், ஆனா 1908ல கிடைச்ச நோபல் பரிசு இரசாயனத்துக்கு. அவர்ட மன்செஸ்டர் ஆய்வுகூடத்துல கைகரும் 20 வயசுப் பொடியன் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகட்டுக்கு, ரேடியம் மாதிரிப் பொருள்ல இருந்து வேகமாப் பாயுற, நேர் ஏற்றமுள்ள அல்பாத் துணிக்கைய அடிச்சுப் பாத்தாங்க. எப்பிடி எண்ணினாங்க எண்டு நினைக்கிறீங்க? இருட்டறையில அரை மணித்தியாலம் சும்மா இருந்து கண்ணப் பழக்கி, பொறகு நாகசல்பைட்டுத் திரையில ஒவ்வொரு துணிக்கையும் படக்குள்ள வாற மின்னல நுணுக்குக்காட்டியால பாத்து ஒண்டு ரெண்டு எண்டு எண்ணி. வட்டிலப்பம் சரியெண்டா எல்லாம் நேரா ஊடறுத்துப் போக வேணும், கனக்க நேராத்தான் போனது. ஆனா சுமார் 8000க்கு ஒண்டு, வந்த பக்கத்துக்கே திரும்பி அடிச்சது. ரிஷூ பேப்பருக்கு அடிச்ச பீரங்கிக் குண்டு திரும்பி வந்து நம்மளுக்கே பட்ட மாதிரி எண்டு இரதபோட் பொறகு சொன்னாரு. அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க அவருக்கு 1911 வரைக்கும் எடுத்தது: திணிவு முழுக்கவும் நேர் ஏற்றம் முழுக்கவும் நடுவுல ஒரு சின்னஞ்சிறு இடத்துல குவிஞ்சு கிடக்கு, அதுதான் கரு.

எவ்வளவு சின்னன்? எங்கட ஊர் வெபர் மைதானத்துல 100 மீற்றர் அகலத்துக்கு ஒரு வட்டம் கீறுங்க, நடுவுல ஒரு மிளகு வைங்க. வட்டம் பொன் அணு, மிளகு அதுட கரு. மிச்ச இடம் முழுக்க இலத்திரனுக்கு. புள்ளையளக் கூட்டிக்கொண்டு போய் மெய்யாவே மிளகு வச்சுட்டுக் கரையில போய் நிண்டு பாக்கச் சொன்னன், ஒருத்தருக்கும் தெரியல்ல, திரும்பி வந்து மிளகத் தேடவும் ஏலாமப் போய்ட்டு, அண்டைக்குத்தான் அவங்களுக்கு 8000க்கு ஒண்டு ஏன் எண்டு விளங்கினது.

இதுவும் உடைஞ்சது, பயங்கரமா உடைஞ்சது. சுத்துற இலத்திரன் பழைய பௌதிகத்தின்படி ஒளிய விட்டுச் சக்தி இழந்து கருவுக்குள்ள விழ வேணும், ஒரு செக்கன 1000 கோடியாப் பிரிச்சா அதுல ஒரு துண்டு நேரம் கூடத் தாங்காது. ஆனா நாங்க இரிக்கமே!

ஆறாவது வேலைக்குச் சீடியும் உப்பும். ராவையில லைட் எல்லாத்தையும் நூத்துட்டு காஸ் அடுப்புட நீல நெருப்புல ஒரு கிள்ளு உப்புப் போடுங்க, மஞ்சளா எரியும். அது சோடியம், அந்த ஒளிட அலைநீளம் 589 நனோமீற்றர், எந்த ஊர் உப்பு எண்டாலும் அதே மஞ்சள். அடுத்து சீஎஃப்எல் பல்ப் வெளிச்சத்தச் சீடியில சரிச்சுப் பிடிச்சுப் பாருங்க, வானவில் தொடர்ச்சியா வராது, துண்டு துண்டா நிறம் நிக்கும். (சூரியனச் சீடியில பாக்காதீங்க, கண் போயிரும்.) ஐதரசனுக்கு இப்பிடி நாலு கோடு கண்ணுக்குத் தெரியும், 656, 486, 434, 410 நனோமீற்றர். சுவிஸ்ல பொம்புளப் புள்ளையள்ட பள்ளிக்கூடத்துல கணக்குப் படிப்பிச்ச பாமர் எண்டவர் 1885ல இந்த நாலு இலக்கத்தயும் வச்சு விளையாடி ஒரு சூத்திரம் கண்டுபிடிச்சாரு, ஏன் அப்பிடி வருது எண்டு அவருக்கும் தெரியா. 1913ல போர் வந்து, இலத்திரன் நினைச்ச இடத்துல எல்லாம் நிக்க ஏலாது, குறிச்ச சக்திமட்டத்துலதான் நிக்கலாம், ஒண்டுல இருந்து இன்னொண்டுக்குக் குதிக்கக்குள்ளதான் ஒளி வருது எண்டு சொல்ல அந்தச் சூத்திரம் அப்பிடியே வந்து விழுந்தது. ஐதரசனுக்கு மட்டும். ரெண்டு இலத்திரன் இரிக்கிற ஈலியத்துக்கே கணக்குச் சரி வரல்ல, மூண்டாம் நிரல்ல அத எழுதுங்க.

இதுக்கு அங்கால சூரியக் குடும்பம் மாதிரிப் படம் கீறுறத விட்டுருங்க. 1924ல டி புறோக்லி இலத்திரனுக்கும் அலைக் குணம் இரிக்கெண்டாரு, 1926ல சிரோடிங்கர் அதுக்குச் சமன்பாடு எழுதினாரு, அடுத்த வருஷம் ஐசன்பேர்க், இடமும் உந்தமும் ரெண்டையும் ஒரே நேரத்துல திருத்தமா அறிய ஏலாது எண்டாரு. பாதை எண்ட கதையே இல்ல, எங்க இரிக்கக்கூடும் எண்ட சாத்தியம் மட்டுந்தான். புதுசாத் தொடங்குறவங்க இங்க கணக்குக்குள்ள இறங்க வேணாம், ஏ.எல் வந்து பாக்கலாம்.

புள்ளையள் எல்லாம் விடுற ஒரு பிழையச் சொல்லிர்றன். புத்தகத்துல இலத்திரன் புரோத்தன் நியூத்திரன் மூண்டையும் ஒரே அட்டவணையில போட்டிருப்பாங்க, அதால மூண்டும் ஒண்டாக் கண்டுபிடிச்சது எண்டு நினைச்சிர்றாங்க. இலத்திரன் 1897. கருவுக்குள்ள இரிக்கிற நேர் ஏற்றத் துணிக்கை புரோத்தனுக்கு இரதபோட் 1919ல ஆய்வு போட்டு 1920ல பேர் வச்சாரு. கருவுக்குள்ள இரிக்கிற ஏற்றமில்லாத துணிக்கை நியூத்திரன் 1932, சாட்விக். அப்ப சிரோடிங்கர் சமன்பாடு எழுதி ஆறு வருஷமாகியும் கருவுக்குள்ள என்ன கிடக்கு எண்டு சரியாத் தெரியாமத்தான் இருந்திருக்காங்க. இத நான் முதல்முதல் கவனிக்கக்குள்ள எனக்கு வயசு முப்பது தாண்டிட்டு.

சோதினைக்கு எழுதுறவங்களுக்கு: கேள்வியில "தாற்றன்ட கொள்கைப்படி" எண்டு கிடந்தா பிரிக்க ஏலாது எண்டே எழுதுங்க, "குறைபாடு தருக" எண்டு கேட்டா மூண்டாம் நிரலப் பாத்து எழுதுங்க. பாடநூல் காசு குடுத்து வாங்கத் தேவல்ல, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துட இணையத்தளத்துல தமிழ்ல இலவசமா இறக்கலாம்.

கடைசியா அந்தத் தாம்பாளம். சவுக்காரம் போட்டுக் கழுவினா அஞ்சாறு தரம் நல்ல தண்ணியால அலசுங்க, சவுக்காரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த தரம் பவுடரக் கண்ட உடன அதுவே பரவி எண்ணைக்கு இடம் விடாது, வட்டமும் திறக்காது. எனக்கு ரெண்டு நாள் போனது இதக் கண்டுபிடிக்க, அதுக்குள்ள வீட்டுல பேபி பவுடர் டின்னும் முடிஞ்சிட்டு.